இரண்டாவதாக நகர்த்துபவர்

சதுரங்கத்தில் முதல் நகர்வு வெள்ளைக் காய்களுக்கு உரியது. ஆட்டத்தின் விதியே அப்படி. சமபலமுள்ள இருவர் ஆடும்போது, முதலில் நகர்த்தும் அந்த ஒரே உரிமை எவ்வளவு பெரியது என்பதைப் பல லட்சம் ஆட்டங்களின் பதிவுகள் காட்டுகின்றன. தேர்ந்த ஆட்டக்காரர்களிடையே வெள்ளை பெறும் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 54 அல்லது 55. மீதியே கறுப்புக்கு. ஆகவே, உலகப் பட்டத்துக்கான போட்டிகளில் கறுப்புக் காய்கள் வந்தால் சமநிலை செய்து அரைப் புள்ளி பெறுவதும், வெள்ளைக் காய்கள் வந்தால் வெற்றியை நாடுவதும் நெடுங்காலமாக ஒரு நடைமுறையாகவே இருந்துவருகிறது.

இந்த இதழில் நாம் பயில எடுத்துக்கொள்வது, அந்த நடைமுறைக்கு மாறாகக் கறுப்புக் காய்களுடன் ஆடியவர் வென்ற ஓர் ஆட்டம். 2010 மே 11 அன்று பல்கேரியாவின் தலைநகரான சோபியாவில், உலகச் சாம்பியன் விசுவநாதன் ஆனந்துக்கும் அவரை எதிர்த்து நின்ற வெசலின் டொபலோவுக்கும் இடையே நடந்த 12-ஆவது ஆட்டம் அது.

ஆன்மிக மாத இதழுக்கும் சதுரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மனஒருமைப்பாடு, நிதானம், விளைவைப் பற்றிய பதற்றமின்றிச் செயலாற்றுதல் ஆகியவற்றைப் பற்றி நாம் இடையறாது பேசுகிறோம். எனினும் அவை செயலில் இறங்கும்போது எப்படித் தோற்றமளிக்கும் என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அரிது. பிறர் மனத்துக்குள் நடப்பது நமக்குத் தெரிவதில்லை. நம் மனத்துக்குள் நடப்பதை நாமே திரித்து நினைவுகொள்கிறோம். சதுரங்கத்தில் மட்டும் ஒவ்வொரு முடிவும், எடுத்த வரிசையிலேயே, தாளில் பதிவாகிறது. பின்னர் எவரும் அதைத் திருத்தி எழுத இயலாது. மனித மனம் நெருக்கடியில் என்ன செய்கிறது என்பதை ஆராய விரும்புவோருக்கு இதைவிட நேர்மையான சான்றேடு எளிதில் கிட்டாது.

சோபியாவுக்குச் சென்ற பாதை

ஆட்டத்துக்குமுன் அதன் சூழலைச் சிறிது அறிந்துகொள்வோம். 2007-இல் மெக்சிகோ நகரில் பட்டம் வென்ற ஆனந்த், 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கை வென்று அதைக் காத்துக்கொண்டார். (அந்தப் போட்டியிலும் 3-ஆவது, 5-ஆவது ஆட்டங்களை அவர் கறுப்புக் காய்களுடனேயே வென்றார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.) 2010-இல் அவரை எதிர்த்தவர் டொபலோவ். பல்கேரியாவின் ரூசே நகரில் 1975-இல் பிறந்தவர். துணிவான தாக்குதலுக்குப் பேர்போனவர். போட்டி அவருடைய சொந்த மண்ணிலேயே நடைபெற்றது.

ஏப்ரல் மாத நடுவில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியது. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சோபியாவுக்குப் புறப்படவிருந்த ஆனந்தின் விமானம் ரத்தாயிற்று. அவரும் அவருடைய குழுவினரும் ஒரு வேனில் ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா வழியாக ஏறத்தாழ 40 மணி நேரம் சாலைப்பயணம் செய்து சோபியாவை அடைந்தனர். போட்டியைத் தொடங்க மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள் கிடைத்தது. ஏப்ரல் 24-இல் போட்டி தொடங்கியது.

முதல் ஆட்டத்திலேயே ஆனந்த் தோற்றார். முன்னரே வீட்டில் ஆராய்ந்து வைத்திருந்த நிலையில், நகர்வுகளின் வரிசை நினைவில் பிறழ்ந்துவிட்டது. 30 நகர்வுகளில் எல்லாம் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அவர் வென்றார். நான்காவதிலும் வென்று முன்னிலை பெற்றார். எட்டாவது ஆட்டத்தில் டொபலோவ் வென்று புள்ளிகளைச் சமன் செய்தார். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. 83 நகர்வுகள் ஆடியும் அது நழுவிற்று. பதினொன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் ஐந்தரைப் புள்ளிகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை வெற்றி தோல்வியில் முடிந்த நான்கு ஆட்டங்களிலும் வென்றவை வெள்ளைக் காய்களே. கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் டொபலோவுக்கு. ஆனந்தோ அந்தப் போட்டியில் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஐந்து ஆட்டங்களில் இரண்டில் தோற்று, மூன்றைச் சமன் செய்திருந்தார்.

அச்சம் எங்கே இருந்தது?

பன்னிரண்டாவது ஆட்டமும் சமநிலையில் முடிந்தால், மே 13 அன்று விரைவு ஆட்டங்களால் பட்டம் தீர்மானிக்கப்படும் என்பது விதி. விரைவு ஆட்டத்தில் ஆனந்துக்கு நிகரானவர் அக்காலத்தில் மிகச் சிலரே. 2003-இல் அவர் விரைவுச் சதுரங்கத்தின் உலகப் பட்டத்தையும் வென்றவர். இதை டொபலோவ் நன்கறிவார். விரைவு ஆட்டங்களைத் தவிர்க்க விரும்பியதாகப் பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

ஆக, அன்று மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்தவர்களின் மனநிலை ஒன்றல்ல. கறுப்புக் காய்களின் பின்னே அமர்ந்தவருக்குச் சமநிலை ஏற்புடையதே. வெள்ளைக் காய்களின் பின்னே அமர்ந்தவருக்கோ, சமநிலை ஏறக்குறைய தோல்வியின் முன்னறிவிப்பாகத் தோன்றியது. பலகையின்மீது இரு படைகளும் சமமாக நின்றன. மனத்தில் வெள்ளையே நெருக்கடியில் இருந்தது.

டொபலோவைப் பேராசைக்காரர் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அது நியாயமன்று. அவர் கணக்குத் தவறானது என்றும் கூற முடியாது: எதிராளி எங்கே வலியவரோ அங்கே போகாமல், தாம் வெள்ளைக் காய்களுடன் இருக்கும்போதே முடித்துவிட நினைப்பது எந்தப் போட்டியாளருக்கும் இயல்பு. எட்டாவது ஆட்டத்தை அவர் வென்றதும் விடாமல் அழுத்திப் பார்க்கும் அந்தக் குணத்தாலேதான். குறை அவருடைய கணக்கில் இல்லை. அந்தக் கணக்கு, பலகையின்மீது எதிரே இருப்பதைப் பார்க்கவிடாமல் ஒரு கட்டத்தில் அவர் கண்ணை மறைத்தது என்பதே இந்த ஆட்டம் காட்டுவது.

பழைய கதவு

இனி ஆட்டத்துக்கு வருவோம். பலகையின் நெடுவரிசைகளை இடமிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், குறுக்குவரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிப்பது வழக்கம். காய்களுக்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர்களையே இங்குக் கையாள்கிறோம்: மூலையில் நிற்பது யானை, அதையடுத்துக் குதிரை, பிறகு மூலைவிட்டமாகச் செல்லும் மந்திரி, நடுவில் ராணியும் ராஜாவும், முன்னே சிப்பாய்கள். வீட்டில் பலகை உள்ளவர்கள் அதை விரித்துவைத்துக்கொண்டு படிப்பது நலம்.

டொபலோவ் ராணியின் முன்னுள்ள சிப்பாயை டி-4 கட்டத்துக்கு நகர்த்தித் தொடங்கினார். முந்தைய ஆட்டங்களில் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் கையாண்ட தற்காப்புகள் வேறு. எதிர்த்தரப்பு, ஆற்றல்மிக்க கணினிகளின் துணையோடு அவற்றைத் துருவித் துருவி ஆராய்ந்து வைத்திருக்கும் என்பது வெளிப்படை. ஆனந்த் அன்று தேர்ந்தது லாஸ்கர் தற்காப்பு. 1894 முதல் 1921 வரை, 27 ஆண்டுகள் உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயரால் வழங்குவது, நூறாண்டுப் பழமையுடையது. புதுமை நாடும் ஆட்டக்காரர்கள் அதைச் சற்றுச் சலிப்பானது என்று கருதி ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

அந்தத் தற்காப்பின் கருத்து மிக எளிமையானது. கறுப்புக்கு இடம் குறைவு; நெரிசலில் காய்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். எனவே சிலவற்றை மாற்றிக்கொண்டு வெளியேற்றிவிட்டால் மற்றவை மூச்சுவிடும். ஏழாவது நகர்வில் ஆனந்தின் குதிரை இ-4 கட்டத்துக்குத் தாவியது. அடுத்த நகர்வில் கறுங்கட்ட மந்திரிகள் இரண்டும் வெட்டுப்பட்டு நீங்கின. பத்தாவது நகர்வில் ஒரு ஜோடிக் குதிரைகள் நீங்கின. 18-ஆவது நகர்வு முடிந்தபோது, ராணிகளும் யானைகளும் போக, வெள்ளையிடம் ஒரு குதிரையும் கறுப்பிடம் ஒரு மந்திரியும் மட்டுமே எஞ்சின.

கறுப்பின் நிலையில் சிறு குறை ஒன்று இருந்தது. ஏ வரிசையிலும் சி வரிசையிலும் இருந்த அதன் சிப்பாய்கள் துணையின்றித் தனித்து நின்றன. வெள்ளையின் சிப்பாய்களோ ஒன்றையொன்று தாங்கி நின்றன. நெடுநேரம் அழுத்திப் பார்க்க டொபலோவுக்கு இதுவே பற்றுக்கோடாக இருந்தது.

மூன்று முறை திரும்பக் கூடிய இடம்

24-ஆவது நகர்வில் ஆனந்தின் மந்திரி டி-3 கட்டத்துக்குச் சென்று வெள்ளை ராணியைத் தாக்கியது. ராணி சி-1 கட்டத்துக்கு ஒதுங்கியது. உடனே மந்திரி, வந்த வழியே ஏ-6 கட்டத்துக்குத் திரும்பிற்று. இப்போது வெள்ளை ராணியும் பழைய இடமான சி-2 கட்டத்துக்குத் திரும்பினால், அதே நிலை மீண்டும் அமையும். இவ்வாறு ஒரே நிலை மூன்று முறை அமைந்தால் ஆட்டம் சமநிலை.

மந்திரியின் இந்தப் போக்குவரவு, பேச்சின்றிச் செய்யப்பட்ட ஒரு விசாரிப்பு என்று கொள்ளலாம். அந்தப் போட்டி முழுவதும் தாம் ஆனந்திடம் பேசப்போவதில்லை, சமநிலை குறித்து ஏதேனும் இருந்தால் நடுவர் வழியாகவே என்று டொபலோவ் முன்னரே அறிவித்திருந்தார். ஆகவே காய்கள்தாம் பேசவேண்டியிருந்தது. டொபலோவின் விடை 26-ஆவது நகர்வில் வந்தது: யானையை ஏ-3 கட்டத்துக்கு நகர்த்தி, தனித்து நின்ற கறுப்புச் சிப்பாயைக் குறிவைத்தார். சமநிலை வேண்டாம் என்பது அதன் பொருள்.

அடுத்த சில நகர்வுகள், முதலில் பார்ப்பவர்க்குக் கறுப்பு பின்வாங்குவதாகவே தோன்றும். வெள்ளைக் குதிரை பி-3 வழியாக ஏ-5 கட்டத்துக்கு ஏறிவந்து மந்திரியைத் துரத்தியது. 28-ஆவது நகர்வில் மந்திரி ஏ-8 மூலைக்கு ஒடுங்கிற்று. பலகையில் அதைவிட ஒதுங்கிய இடம் வேறில்லை. மூலையில் முடங்கிய மந்திரியைக் கண்டு இரங்கவே தோன்றும். ஆனால் அந்த மூலையிலிருந்து எச்-1 வரை எட்டுக் கட்டங்கள் கொண்ட நீண்ட வெண்பாதை ஒன்று ஓடுகிறது. அந்தப் பாதையில்தான், 24-ஆவது நகர்வில் வெள்ளை ராஜா ஜி-2 கட்டத்தில் வந்து அமர்ந்திருந்தார். இடையே எஃப்-3 கட்டத்தில் ஒரே ஒரு சிப்பாய். அது இருக்கும்வரை மந்திரிக்குப் பார்வையில்லை.

திறந்துகொண்ட பாதை

29-ஆவது நகர்வில் ஆனந்த் இ-5 கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்தினார். டொபலோவ் 30-ஆவது நகர்வில் தம் சிப்பாயை இ-4 கட்டத்துக்கு ஏற்றி, அந்த வெண்பாதையில் இன்னொரு தடுப்பை நிறுத்தினார். அதற்கு ஆனந்தின் மறுமொழி: எஃப்-5. தம் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயையே முன்னே தள்ளி, இ-4 சிப்பாயைச் சவாலுக்கு அழைத்தார்.

வெள்ளைக்கு இப்போது பல வழிகள் இருந்தன. டொபலோவ் இ-4 சிப்பாயால் எஃப்-5 சிப்பாயை வெட்டினார். ஒரு சிப்பாய் ஆதாயம். உடனே ஆனந்த் இ-5 சிப்பாயை இ-4 கட்டத்துக்குத் தள்ளினார். இது இரண்டாவது சிப்பாய், இதையும் வெட்டலாம். டொபலோவ் 32-ஆவது நகர்வில் அதையும் எஃப்-3 சிப்பாயால் வெட்டினார். ஆராய்ந்தோர் பலரும் ஆட்டம் கைமாறிய இடம் என்று சுட்டுவது இதையே. எஃப்-3 காவலாளி பதவியை விட்டு வெளியேறிவிட்டார். கறுப்பு ராணி இ-4 சிப்பாயை வெட்டிச் செக் சொன்னபோது, மூலை மந்திரியும் ராணியும் ஒரே கோட்டில், ராஜாவை நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

ராஜா ஜி-1 கட்டத்துக்குப் பின்வாங்கினால் என்ன? ராணி எச்-1 கட்டத்துக்கு இறங்கும். பின்னாலிருந்து மந்திரி அதற்குத் துணை நிற்கும். அந்த நகர்விலேயே செக்மேட். எனவே ராஜா எச்-3 கட்டத்துக்கு ஏறவேண்டியதாயிற்று. நடு ஆட்டத்தில் ராஜா முன்னேறுவது, பெரும்பாலும் வீட்டில் தீப்பற்றியதால்தான்.

இதுவரை வந்த நகர்வுகளைக்கூட ஒருவர் தைரியம் என்று சொல்லிவிடலாம். 34-ஆவது நகர்வுதான் எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது. பலகையின் நடுவில், வெற்றியின் வாயிலில் நின்ற ராணியை ஆனந்த் தம் சொந்த வரிசையான இ-8 கட்டத்துக்குத் திரும்ப அழைத்தார். செக் சொல்லவில்லை, எதையும் வெட்டவில்லை. தாக்குதலின் உச்சத்தில் ஒரு பின்வாங்கல். அந்த இடத்திலிருந்து எஃப்-7, ஜி-6 வழியாக எச்-5 கட்டத்துக்கு ராணிக்கு நேர்ப்பாதை உண்டு; அங்கே சென்றால் ராஜாவுக்குச் செக். நீண்ட பாதையும் மந்திரிக்காகத் திறந்துவிடப்பட்டது. தாக்கிக்கொண்டிருக்கும்போது காய்களைப் பின்னோக்கி நகர்த்த மனம் எளிதில் இசையாது. கை முன்னோக்கியே செல்லும். அந்தப் பழக்கத்தின் பிடியில் அகப்படாமல், எங்கே தேவையோ அங்கே ராணியை நிறுத்த முடிந்தது என்பதில்தான் அன்றைய அவருடைய மனத்தெளிவு வெளிப்படுகிறது.

டொபலோவ் ஜி-4 கட்டத்தில் சிப்பாயை நிறுத்தித் தடுத்தார். ஆனந்த் எச்-5 கட்டத்துக்குச் சிப்பாயை ஏற்றி அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளை ராஜா நான்காம் வரிசைக்கே ஏறி, எச்-4 கட்டத்தில் நின்றார். ஜி-5 கட்டத்துக்கு வந்த கறுப்புச் சிப்பாய் செக் சொன்னது. அதை வெள்ளை, கடந்து செல்லும் சிப்பாயை வெட்டும் சிறப்பு விதியால் வெட்டியது. ராணி ஜி-6 கட்டத்தில் திருப்பி வெட்டிற்று. 38-ஆவது நகர்வில் யானை ஜி-4 சிப்பாயை வெட்டி மீண்டும் செக்.

இருவருக்கும் முதல் 40 நகர்வுகளுக்கு இரண்டு மணி நேரம். அந்த எல்லையின் அருகில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, இந்த நகர்வுகள் ஆடப்பட்டன என்பதை மறக்கலாகாது. டொபலோவும் இடிந்துபோய்விடவில்லை, யானையாலும் குதிரையாலும் கறுப்பு ராஜாவுக்குச் செக் சொல்லி, கிடைத்த ஒவ்வொரு நொடியிலும் போராடினார். செக்மேட் வரவில்லை. ஆனால் 46-ஆவது நகர்வில் வெள்ளை தன் ராணியை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு யானையையும் மந்திரியையும் பெற வேண்டிவந்தது. நீண்ட பாதையின் மந்திரி, ஜி-2 கட்டத்தில், வெள்ளை ராணியை வெட்டிவிட்டுத் தானும் வீழ்ந்தது.

பின்னர் எஞ்சியது, ராணியை எதிர்த்து ஒரு யானையும் ஒரு குதிரையும். வெற்றி உறுதி என்று தோன்றும் இத்தகைய நிலைகளில்தான் கவனம் தளரும். இரண்டு நாள்களுக்கு முன்பல்ல, அதே போட்டியின் ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு நேர்ந்ததும் அதுவே. இம்முறை அவர் சி வரிசைச் சிப்பாயை நிதானமாக முன்னேற்றினார். குதிரையின் செக்குகளுக்கு ராஜாவை ஒதுக்கினார். 55-ஆவது நகர்வில் பி-2 சிப்பாயை வெட்டினார். தொடக்கத்தில் தனித்து நின்று குறையாகக் கருதப்பட்ட அதே சி வரிசைச் சிப்பாயை இப்போது தடுக்க ஆளில்லை. 56-ஆவது நகர்வில் ராணி ஜி-7 கட்டத்துக்கு வந்ததும் டொபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறரை, ஐந்தரை என்ற கணக்கில் பட்டம் ஆனந்திடமே தங்கியது.

உதவியவர்கள்

போட்டி முடிந்தபின் தெரியவந்த செய்தி ஒன்றுண்டு. ஆனந்தின் அதிகாரபூர்வக் குழுவில் பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், சூரியசேகர் கங்குலி, ராடஸ்லாவ் வொய்டாஷெக் ஆகிய நால்வர் இருந்தனர். இவர்களன்றி, கேரி காஸ்பரோவ், மாக்னஸ் கார்ல்சன், விளாதிமிர் கிராம்னிக் ஆகியோரும் தமக்கு உதவியதாக ஆனந்த் வெளியிட்டார். காஸ்பரோவிடம் அவர் 1995-இல் உலகப் பட்டப்போட்டியில் தோற்றவர். கிராம்னிக்கோ இரண்டாண்டுகளுக்கு முன் அவரிடம் தோற்றவர். அந்தக் கார்ல்சனே 2013-இல் சென்னையில் அவரிடமிருந்து பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். தோற்றவரும் வென்றவரும் பின்னர் வெல்லப்போகிறவரும் ஒருவருக்காக ஒன்றுகூடியது, போட்டி என்பதைப் பகை என்று புரிந்துகொள்ளும் நம் இளைஞர்கள் சற்று நின்று நினைக்கவேண்டிய ஒன்று.

சிங்கப்பூரில் மற்றொரு கறுப்பு

கடைசி ஆட்டத்தில் கறுப்பு வென்று பட்டத்தைத் தீர்மானிப்பது அரிது, ஆனால் புதிதன்று. 1985 நவம்பர் 9 அன்று மாஸ்கோவில், பட்டத்தைத் தக்கவைக்க வென்றேயாக வேண்டிய அனதோலி கார்போவ் வெள்ளைக் காய்களுடன் ஆடிய 24-ஆவது ஆட்டத்தில், 22 வயது காஸ்பரோவ் கறுப்புக் காய்களுடன் வென்று சாம்பியனானார். அங்கும் வெள்ளைக்குச் சமநிலை போதவில்லை.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பயில்வது பயனுடையது. சாம்பியன் டிங் லிரெனும், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் ஆறரைப் புள்ளிகளில் சமமாக நின்றனர். 14-ஆவது, கடைசி ஆட்டம். வெள்ளை டிங் லிரெனுக்கு. ஆனால் டிங் வெற்றியைத் தேடவில்லை. காய்களை மாற்றி, ஆட்டத்தை எளிமையாக்கி, சமநிலையோடு விரைவு ஆட்டங்களுக்குச் செல்லவே முயன்றார். குகேஷிடம் ஒரு சிப்பாய் மிகுதி. அதைக்கொண்டு வெல்வது கடினம் என்று பார்த்திருந்தோர் அனைவரும் கருதினர். குகேஷ் மட்டும் எழுந்துவிடவில்லை. மேலும் மேலும் சிறிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்-2 கட்டத்துக்கு நகர்த்தி யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். அவருடைய மந்திரி அப்போது நின்ற இடம் ஏ-8 மூலை. சோபியாவில் ஆனந்தின் மந்திரி ஒதுங்கி நின்ற அதே கட்டம்! அங்கே அது பாதை திறக்கக் காத்திருந்தது. இங்கே அதற்குத் தப்ப வழியில்லை. யானைகள் நீங்கியதும் குகேஷ் தம் மந்திரியை டி-5 கட்டத்தில் நிறுத்தினார். மந்திரிகளும் மாறியே தீரவேண்டும். எஞ்சும் ராஜா–சிப்பாய் முடிவாட்டம் கறுப்புக்கு வெற்றி. 58 நகர்வுகளில் உலகின் மிக இளைய சாம்பியன் தோன்றினார். குகேஷைப் பல ஆண்டுகளாகத் தம் பயிற்சிக்கூடத்தின் வழியே நெறிப்படுத்தியவர்களுள் ஆனந்தும் ஒருவர்.

ஆக, ஒரு வெள்ளை, விரைவு ஆட்டங்களுக்கு அஞ்சி அளவுக்கு மீறி முன்னேறியது. மற்றொரு வெள்ளை, அன்றைய போராட்டத்துக்கு அஞ்சி விரைவு ஆட்டங்களை நோக்கி விரைந்தது. இரண்டிலும் மனம் நாளை மறுநாள் நடக்கப்போவதில் இருந்தது. எதிரே அமர்ந்தவர்களுக்கு முன்னே இருந்ததோ அறுபத்து நான்கு கட்டங்கள் மட்டும்.

பலகையில் செய்து பார்க்க

படிப்பு வட்டங்களிலும் இளைஞர் முகாம்களிலும் கீழ்க்கண்ட நிலையைப் பலகையில் அமைத்துப் பார்க்கலாம். சோபியா ஆட்டத்தில் 30-ஆவது நகர்வு முடிந்த நிலை இது. வெள்ளை: ராஜா ஜி-2, ராணி சி-1, யானைகள் ஏ-3, எஃப்-2, குதிரை சி-4, சிப்பாய்கள் ஏ-2, பி-2, இ-4, எஃப்-3, ஜி-3, எச்-2. கறுப்பு: ராஜா ஜி-8, ராணி இ-7, யானைகள் சி-7, டி-8, மந்திரி ஏ-8, சிப்பாய்கள் ஏ-7, சி-5, இ-5, எஃப்-5, ஜி-7, எச்-6. நகர்த்தும் முறை வெள்ளைக்கு.

இருவர் எதிரெதிரே அமர்ந்து, பேசாமல், வெள்ளையின் அடுத்த நகர்வைப் பத்து நிமிடம் ஆராய்ந்து தாளில் எழுதட்டும். எழுதியபின், எஃப்-5 சிப்பாயை வெட்டினால் என்ன வரும் என்பதை மேலே சொன்ன வரிசையில் ஆடிப் பார்க்கட்டும். பிறகு பலகையைத் திருப்பி, கறுப்பின் பக்கம் அமர்ந்து, 34-ஆவது நகர்வு வரை மீண்டும் ஒருமுறை ஆடட்டும். ராணியை இ-8 கட்டத்துக்குத் திரும்ப எடுக்கும்போது கை சற்றுத் தயங்குவதை ஒவ்வொருவரும் தாமே உணரலாம்.